கோலா பாட்டிலில் ஊற்றிய சோப்பு

சரக்கை மாற்றியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோப்பு ஆலைக்காரர் ஹாஜி தஸூக்கி மேல் பயூமிக்கு இருந்த அந்தக் கோபம் வருஷக்கணக்காகியும் ஆறவில்லை.

இம்பாபா பேட்டையில் பயூமி விற்பது சில்லறைச் சோப்புத் தண்ணீர். காலி பாட்டிலைக் கொண்டுபோனால், நீலப் பீப்பாயிலிருந்து ரப்பர் குழாய் வைத்து நிரப்பித் தருவார். பாக்கெட் சோப்பு கட்டுப்படியாகாத ஜனங்களுக்கு அதுதான் வழி. உள்ளே என்ன கலந்திருக்கிறதென்று எந்தப் பீப்பாயிலும் எழுதியிருக்காது. நுரை பொங்கினால் நல்ல சரக்கு.

இன்ஷிராஹ் வீடு வீடாகத் துணி துவைப்பவள். மகன் பேரை வைத்து உம்மு கரீப், அதாவது கரீபின் அம்மா, என்பார்கள். அவள் வாய் சும்மா இருக்காது.

"என்ன பயூமி அண்ணே, பாதிக்கு மேல நுரைதான் நிக்குது. நுரைய ரொட்டியில தொட்டுத் திங்கவா?"

"துணியத் துவைக்கத்தான் சரக்கு இருக்கு. உன் நாக்கத் துவைக்க இல்ல, உம்மு கரீப்."

ஒரு கோடையில் ஹாஜியின் ஆலையிலிருந்து வந்த பீப்பாய் மூடியைத் திறந்தால் புது வாசனை, மூக்கைத் துளைத்தது. ஜனங்கள் மொய்த்தார்கள். கொஞ்ச நாளில் இன்ஷிராஹின் விரலிடுக்கு சிவந்து வெடித்தது. துணி வெளுக்கப் போடும் குளோரின்தான் காரணம் என்று நினைத்தாள். கண்ணை எரிப்பது அதுதானே, துவைக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். குளோரினை விட்டாள். வெள்ளைத் துணி வெளுக்க வேண்டுமே என்று சோப்பை இரண்டு மடங்காக ஊற்றினாள்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, சோப்பு உறையைக் கேட்டார் டாக்டர். அவள் பாட்டிலை நீட்டினாள்.

"இதுல கோலாவுல என்ன இருக்குன்னுதாம்மா எழுதியிருக்கு," என்றார் அவர். "பேர் தெரிஞ்சா அத விலக்கலாம். தெரியலைன்னா துவைக்கிறதையே விடணும்."

துவைக்காவிட்டால் அடுப்பு எரியாது. விஷயத்தைக் கேட்டு பயூமி ஆலைக்கே போனார். ஹாஜி டீ கொடுத்தார்.

"அது தொழில் ரகசியம்யா. சோப்பு, தண்ணி, வாசனை. போதாதா?"

"அந்த வாசனை என்னன்னு சொல்லுங்க ஹாஜி. ஒரு பொம்பள கை புண்ணாகிக் கெடக்கு."

"கையுறை போட்டுக்கச் சொல்லு."

போட்டாள். உள்ளே வேர்த்துப் புண் இன்னும் மோசமானது. பயூமி வேறு ஆலைகளிலும் விசாரித்தார். எந்தப் பீப்பாயிலும் எழுத்தில்லை, எவனும் வாய் திறக்கவில்லை. கடையை மூட அவருக்கும் வக்கில்லை, அதே சரக்கைத்தான் விற்றார். அவளும் அதிலேயேதான் துவைத்தாள். உடம்பில் சர்க்கரை வேறு. வெடிப்பு சீழ் பிடித்து, விரல்களை எடுத்தார்கள். அப்புறமும் காய்ச்சல் இறங்கவில்லை.

ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன பயூமியை அவள் கிட்டே கூப்பிட்டாள். கட்டுப்போட்ட கை வயிற்றின் மேல் கிடந்தது.

"கரீப் பொண்டாட்டிதான் இனி என் வீடுகளுக்குத் துவைக்கப் போறா. பாட்டிலத் தூக்கிட்டு உங்க கடைக்குத்தான் வருவா. நல்ல சரக்குன்னு அவகிட்ட சொல்லாதீங்க அண்ணே. இதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாதும்மான்னு சொல்லிட்டு, அப்புறமா ஊத்துங்க."