அரிம்பாறை

பெரியம்மா கெஞ்சியதால்தான் பெரியப்பாவைப் பாலக்காட்டுத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எந்த மருந்துக்கும் மசியாத விரல் மருவை லேசர் தொட்டதும் கருகல் வாடை கிளம்பியது. அந்த வாடை எனக்கு ஒன்பது வயதிலேயே பழக்கம்.

அப்போது என் புறங்கையில் ஒரு மரு. டீச்சர் அதை மலையாளத்தில் "அரிம்பாறை" என்றதை வீட்டில் வந்து சொன்னேன். அரைகுறையாய் மலையாளம் தெரிந்த பெரியப்பா துள்ளி எழுந்தார். "பேர்லயே சொல்லிப்போட்டாங்களே! அரிஞ்சாத்தான் போகும்."

மாட்டுக் கொட்டகையில் வைத்துச் சவர பிளேடால் அரிந்தார். ரத்தம் நிற்க ஊதுபத்தி நெருப்பை வைத்து அழுத்தினார். நான் அலறினேன். அம்மா வாசலில் நின்று அழுதாள். அவரைத் தடுக்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

புண் ஆறியதும் அதைச் சுற்றிப் புது மருக்கள் முளைத்தன. அதற்கும் திட்டு எனக்குத்தான். தண்ணீர்க் குடத்தில் நான் கை வைக்கக் கூடாது, அவர் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது. பக்கத்தில் போனாலே, "அக்கட்டால போ! தொட்டா ஒட்டிக்கும்" என்று நாயை விரட்டுவதுபோல் விரட்டுவார். ஊதுபத்தி ஏற்றிய வீட்டில் இன்றும் என்னால் உட்கார முடிவதில்லை.

இப்போது டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டிருந்தும் பெரியப்பா முனகினார். இன்னொரு கையை என் பக்கம் நீட்டினார்.

"பயமா இருக்குது கண்ணு. இந்தக் கையக் கொஞ்சம் புடிச்சுக்க."

தழும்பேறிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"வேண்டாமுங்க பெரியப்பா. தொட்டா ஒட்டிக்குமுங்க."