கொடும்பாவிக்குக் கட்டிய சேலை

கிணற்றுக்குள் விட்ட வாளி தண்ணீரில் விழுந்தால் "தொபுக்" என்று கேட்கும். சேற்றில் விழுந்தால் "சொத்" என்று கேட்கும். எழுபதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டில், முதலியார்பேட்டையில் எங்கள் தெருப் பொதுக்கிணற்றிலிருந்து அந்த "சொத்" தான் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு ஐப்பசி, கார்த்திகை இரண்டும் ஏமாற்றிவிட்டுப் போயிருந்தன. கோடை மழையும் இல்லை. ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் பாதி போன பிறகும் வானம் கழுவிவைத்த பித்தளைத் தாம்பாளம் போலப் பளபளத்துக்கொண்டே இருந்தது. தெருவுக்குக் கிழக்கே கடல் நிறையத் தண்ணீர் இருந்தது என்பதுதான் எங்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மேகம் நம்ம கடல்லதான் எறங்கித் தண்ணி மொண்டுக்கினு போவுது. நமக்குக் குடுக்காம எவன் ஊருக்கோ கொண்டுபோய்க் கொட்டுது" என்று சொல்வாள் வசந்தா சித்தி.

அவள் என் அம்மாவின் கடைசித் தங்கை. தவளக்குப்பத்துக்கு அப்பால் ஒரு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்தப் பங்குனியில் ஒரு நாள், வீங்கிய கன்னத்தோடும் ஒரு துணிப்பையோடும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "இனிமே அடி வாங்க ஒடம்புல எடமில்லக்கா" என்று மட்டும் சொன்னாள். பஞ்சாலையில் வேலை பார்த்த அப்பா, "இருக்கட்டும், நம்ம பொண்ணுதானே" என்றார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சித்திக்கு நல்ல குரல். நடவு வயலில் அவள் ஒரு வரி எடுத்தால் மற்ற பெண்கள் சேற்றில் கால் மாற்றிக்கொண்டே அதைத் திருப்பிப் பாடுவார்களாம். எங்கள் வீட்டில் நடவு ஏது? மாவரைக்கும்போதும் எனக்குத் தலை பின்னும்போதும் பாடுவாள். பெரும்பாலும் மழைப் பாட்டுதான். தவளை மழையைக் கூப்பிடுவது, ஈசல் இறகை உதிர்ப்பது, ஏரி நிறைந்து மதகு வழியாக மீன் துள்ளிக்கொண்டு ஓடுவது. நனைந்தே பல மாதங்களாகியிருந்த எனக்கு அவள் குரலில்தான் மழை பெய்துகொண்டிருந்தது.

பத்தினி சொன்னால் வானம் கேட்கும் என்பது எங்கள் தெருவில் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த பழம்பேச்சு. அதைத் திருப்பிப் போட்டால் என்ன வரும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கிணற்றடியில் குடங்கள் காத்துக் கிடந்த ஒரு காலையில், "புருசன வுட்டுட்டு வந்தவ தெருவுல குந்திக்கினு இருந்தா எப்டி மழ வரும்?" என்று ஒருத்தி கேட்டாள். யாரும் மறுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

அதே வாரம் தெருவில் "கொடும்பாவி கட்டி இழுப்பது" என்று முடிவாயிற்று. வைக்கோலால் ஒரு பெண் உருவம் செய்து, மழையைத் தடுத்து வைத்திருக்கும் பாவி இவள்தான் என்று தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, கடைசியில் ஏரிக்குக் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். பாவி செத்துவிட்டாள் என்று வானம் மனமிறங்கி அழுமாம். தெருவில் எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நிற்கும் முனியம்மா பெரியம்மா எங்கள் வாசலுக்கு வந்து, "ஒந் தங்கச்சி கொரல் இருந்தா மானமே எறங்கி வரும். அவள பாடச் சொல்லு" என்று அம்மாவிடம் கேட்டாள். சித்திக்குச் சந்தோஷம். நம்மைக் கூப்பிடுகிறார்களே என்ற சந்தோஷம். அதற்கு முந்தின நாள் கொடியில் காய்ந்த அவளுடைய நீலச் சேலை, மஞ்சள் பூக்கரை போட்டது, காணாமல் போயிருந்ததைப் பற்றிக்கூட அவள் அதிகம் புலம்பவில்லை. காற்றில் பறந்திருக்கும் என்றாள். காற்றே இல்லாத நாட்கள் அவை.

மறுநாள் சாயங்காலம் பறை முழங்க, ஓர் உடைந்த கட்டிலில் கிடத்திக் கயிறு கட்டிக் கொடும்பாவியை இழுத்து வந்தார்கள். களிமண் முகம், கரியால் எழுதிய கண், விரித்துப்போட்ட தேங்காய் நார்த் தலைமுடி. அதன் உடம்பில் நீலச் சேலை. மஞ்சள் பூக்கரை.

அம்மா சித்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள வாடி. வந்துடு."

சித்தி வரவில்லை. பறை நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். அவள் மெதுவாக நடந்து போய்க் கட்டிலின் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து விட்டுக்கொண்டு, கொடும்பாவியின் கலைந்த முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு பாடினாள்.

"ஏரி வெடிச்சிருக்கு, எறும்புக்கும் நீரில்ல,
எங்கண்ணு ரெண்டுலதான் இன்னும் ஊத்து வத்தலியே..."

செத்த உறவுக்கு அழுவதுபோல அழுதாள். பிறந்த வீட்டில் விளையாடியதை, தாலி ஏறியதை, அடி வாங்கியதை, ஒன்று விடாமல் அந்த வைக்கோல் பொம்மைக்குச் சொல்லிச் சொல்லிப் பாடினாள். மாரடிக்க வந்த பெண்கள் மாரடிக்க மறந்து நிஜமாகவே அழுதார்கள். முனியம்மா பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னா கொரலு! இன்னிக்கிக் கண்டிப்பாப் பேயும்" என்றாள். பிறகு கயிற்றை இழுத்தார்கள். ஏரியின் வெடித்த மண்ணில் வைத்துக் கொளுத்தினார்கள். வைக்கோலைவிடச் சேலைதான் சீக்கிரம் எரிந்தது.

மழை வரவில்லை.

பொம்மையை எரித்தும் வரவில்லை என்றால் பாவி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள் என்று ஆகிவிட்டது. அவளை இன்னும் ஏன் வீட்டில் வைத்திருக்கிறாய் என்று மில்லிலும் டீக்கடையிலும் அப்பாவிடமே கேட்டார்கள். அவர் சண்டை போடத் தெரியாத மனிதர். ஐப்பசியும் பாதி போன ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தெருவுல தல காட்ட முடியில" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். அம்மா அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள். அடுப்படியில் இருந்த சித்திக்கு அது கேட்டது.

"நானே போறேங்க்கா" என்றாள் அவள்.

நானும் அம்மாவும் தவளக்குப்பம் வழியாகப் போகும் கடலூர் பேருந்து நிற்கும் இடம்வரை உடன் போனோம். ஏறுவதற்கு முன் சித்தி என் கன்னத்தைத் தடவி, "ஒங்கப்பாகிட்ட சொல்லு, நான் ஒண்ணும் கோச்சிக்கினு போவலன்னு" என்றாள். நான் சொன்னேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சில நாட்களிலேயே மழை பிடித்துக்கொண்டது. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் ஐப்பசியில் மழை வரும் என்பதைப் பிறகு பள்ளியில் படித்தேன். அந்த ஆண்டு அது கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ஆனால் தெரு அப்படிப் படிக்கவில்லை. "பாத்தியா, அவ எல்லையத் தாண்டுனா, மானம் தொறந்துக்கிச்சு" என்று முனியம்மா பெரியம்மா நனைந்துகொண்டே வீடு வீடாகச் சொல்லிப் போனாள். பிள்ளைகள் தெருவில் குதித்தார்கள். அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

எண்பதுகளில் கல்லூரி படிக்கும்போது ஒருமுறை சித்தியைப் பார்க்கப் போனேன். முன்பற்கள் இல்லை. எப்படி என்று நான் கேட்கவில்லை. பாடச் சொன்னதற்கு, "அதெல்லாம் மறந்துட்டேன்டி" என்றாள். வெளியே தூறல் போட்டது. எழுந்து போய் விறகை உள்ளே எடுத்து வைத்தாள். அடுத்த ஆண்டே ஏதோ காய்ச்சலில் போய்விட்டாள். அவள் சாவுக்கு ஒப்பாரி வைக்க ஆளிருந்தார்கள். அவளைப்போலப் பாட ஆளில்லை.

இப்போது அந்த ஏரி இல்லை; கரையைக் கரைத்து மனை போட்டுவிட்டார்கள். நடவு வயல்களும் போயின. தவளைச் சத்தம் கேட்டு எத்தனையோ காலமாகிறது. சென்ற கார்த்திகையில் பெய்த மழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியது. போக வழியில்லாத அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து முனியம்மா பெரியம்மாவின் பேத்தி என்னைப் பார்த்துக் கத்தினாள்: "இன்னாக்கா இது, சனியன் புடிச்ச மழ! எப்பதான் வுட்டுத் தொலையுமோ?"