கியரில் கிடந்த வண்டி

பூதத்தானைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. தாராவியில் அவனுக்கும் எனக்கும் அடுத்தடுத்த கடை. எனக்கு பேட்டரி வியாபாரம். அவன் லாரிகளுக்கு வயரிங் பார்க்கிற எலக்ட்ரீசியன். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் வந்தவனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் டிரைவர்கள் நேராக என்னிடம் வந்து, "காசிம் பாய், புது பேட்டரி போடுங்க" என்பார்கள். இவன் குறுக்கே விழுவான். "வோல்ட்டு பாக்காம என்னவே பேட்டரி? அந்த பாய் பேச்சக் கேட்டீருன்னா ஒம்ம வண்டியவே வித்துருவாரு!" என் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவன் என்று அவனை எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன்.

சாவி வேலை செய்யாத லாரியை எங்கள் பக்கத்து எலக்ட்ரீசியன்கள் கீழேயிருந்தே கிளப்புவார்கள். இஞ்சினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் சேர்த்தால் போதும். ஆனால் வண்டி கியரில் கிடந்தால் அப்படியே முன்னால் பாய்ந்துவிடும். அதனால் பூதத்தான் முதலில் கேபினில் ஏறி, கியர் கம்பியைத் தன் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவான். டிரைவர் பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டான்.

போன ஜூலையில் ஒரு மத்தியானம் விக்ரோலி மாரிக்கண்ணன் ஓட்டுகிற லாரி எங்கள் எதிரே, கோடவுன் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. மாரிக்கண்ணன் இறங்கி வரும்போதே பூதத்தானிடம் சொன்னான்: "அண்ணாச்சி, ஹேண்ட் பிரேக் புடிக்க மாட்டேங்கு. கியர்லதான் போட்டிருக்கேன்." என் காதால் கேட்டேன்.

பூதத்தான் மீட்டரை வைத்தான். இரண்டு பேட்டரியும் சேர்த்து இருபத்தைந்து வோல்ட், குறையில்லை. முனைகளைச் சுரண்டினான். பச்சை பூத்திருந்த எர்த் வயரை மாற்றினான். அப்போதும் சத்தமில்லை. செல்ஃப் மோட்டாரில் டெஸ்ட் லாம்பை வைத்து, மாரிக்கண்ணனைச் சாவியைத் திருப்பச் சொன்னான். பல்பு எரியவில்லை. சாவிக்கும் மோட்டாருக்கும் நடுவில் எங்கேயோ கரண்ட் அறுந்துபோகிறது. இதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. லாரி முதலாளி கோபர்கைரனேயிலிருந்து போன்மேல் போன் போட்டு, காது கூசுகிற மாதிரி வைதுகொண்டிருந்தான்.

மோட்டாராவது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க பூதத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். "மாரி, முன்னால போயி ஹெட்லைட்டப் பாரு. நான் தொடும்போது மங்குதான்னு சொல்லு" என்றான். மாரிக்கண்ணன் சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் போய் நின்றான். அண்ணாச்சிதான் கியரைப் பார்க்காமல் தொடமாட்டாரே!

அன்றைக்கு அவன் கேபினில் ஏறவில்லை.

லாரி மூன்றடிதான் போனது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பூதத்தான் தலையில் அடித்துக்கொண்டு கதறினான். ஆனால் போலீஸ் வந்து கேட்டபோது, "நியூட்ரல் போலா தா, சாப்" என்றான். நியூட்ரலில் இருக்கிறது என்று மாரிக்கண்ணனே சொன்னானாம்! அடப்பாவி என்று என் வாய் வரைக்கும் வந்தது. முப்பது வருடப் பழக்கம், ஜெயிலுக்குப் போய்விடுவானே என்று விழுங்கிக்கொண்டேன். டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். டீக்கடை வரைக்கும் அதே பேச்சு: கியரில் போட்டுவிட்டு முன்னால் போய் நின்ற மடையன்.

நாற்பது நாள் கழித்து மாரிக்கண்ணனின் மனைவி கலைச்செல்வி கடைக்கு வந்தாள். பூதத்தான் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அவள் நியாயம் கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் கைகூப்பினாள்.

"எங்க வீட்டுக்காரரு செஞ்ச தப்புக்கு ஒங்களப் போயி போலீசுல அலைய வச்சிட்டாங்களே அண்ணாச்சி. மனசுல வச்சிக்கிடாதீங்க."

பூதத்தான் டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். "அவன் சொன்னான் தாயி" என்றான். "கியர்ல கெடக்குன்னு வந்தவொடனே சொன்னான். நான்தான் மறந்தேன். அவன முன்னால போவச் சொன்னதும் நான்தான். நாளைக்கே ஸ்டேசன்ல போயிச் சொல்லிருதேன்."

அவள் அழவில்லை. கத்தவுமில்லை.

"எங்கள நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டியே, புத்தி கெட்ட மனுசான்னு தெனமும் அவரு போட்டோ முன்னால நின்னு வைதேன்" என்றாள். "அப்பா மாதிரி அசட்டையா இருக்காதன்னு பிள்ளைகிட்டயும் சொல்லி வச்சிருக்கேனே."

பிறகு என் கடைப் பக்கம் திரும்பினாள்.

"பாய், நீங்களும் இங்கதானே இருந்தீங்க? ஒங்களுக்கும் தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.