நூல் பிடித்து வெட்டிய வேலி

குளிரும் மழையுமான எங்கள் மலையூரில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அவன் வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. மேற்குப் பக்கம் நிற்கும் உயிர்வேலியை, பீச் என்னும் காட்டு மரத்தை நெருக்கி நட்டு வளர்த்ததை, பார்த்தால் போதும். சதுப்பு நிலத்தைத் தாண்டி வருகிற காற்று அந்தப் பக்கமிருந்துதான் அறையும். வேலி கூரை உயரத்துக்கு அடர்ந்து நின்றால்தான் வீட்டுக்குள் மனிதர் இருக்க முடியும். இதை ஊரிலேயே உரக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் என் எதிர்வீட்டு லாம்பர்ட்.

முப்பத்தாறு வருடம் அவன் எங்களுக்குத் தபால்காரன். மேனா என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கடிதத்தோடு ஒரு குத்தலும் கொடுக்காமல் போகமாட்டான்.

“என்ன மேனா, உன் வேலி வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது? எத்தனாவது மாசம்?”

“வந்த வேலையப் பாருய்யா. தபாலக் குடுத்துட்டுக் கெளம்பு.”

அவன் வேலியில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது என்பதுதான் எரிச்சல். அவன் அப்பா காட்டிலிருந்து பிடுங்கி வந்த விரல் தடிமன் கன்றுகளை ஒரு சாண் இடைவெளியில் நட்டு, ஒன்றோடொன்று பின்னி, கழிகளில் கட்டி வளர்த்தது. அவை கூரையைத் தொட இருபத்தைந்து வருடம் ஆயிற்று. லாம்பர்ட் ஜூன் கடைசியில் ஏணி போட்டு, நூல் பிடித்து, அந்த வருடத்துத் தளிரின் நுனியை மட்டும் வெட்டுவான். சமையலறை ஜன்னலுக்கு நேராக வேலியில் ஒரு சதுரத் துளை விட்டிருந்தான். பேருந்து வருகிறதா என்று அவன் மனைவி ஒடிலியா அதன் வழியாகத்தான் பார்ப்பாள். எனக்கு அந்த வேலிமேல் பொறாமைதான், மறைப்பானேன்.

மழையே பெய்யாத அந்தக் கோடையில் ஊர்க் காலண்டருக்குப் படம் எடுக்க ஆள் வருவதாக இருந்தது. ஜூலை மாதப் பக்கத்துக்கு லாம்பர்ட்டின் வேலி. வயதாகிவிட்டதால் அதுவும் கொஞ்சம் வயிறு தள்ளியிருந்தது. என்னைக் கேலி செய்த வாய்க்கு அது பொறுக்குமா? முந்தின நாள் காலையில் இரண்டு பக்கமும் பழைய தண்டு வரைக்கும் ஆழமாக வெட்டத் தொடங்கிவிட்டான். கத்தரிச் சத்தம் கேட்டு நான் மாவுக் கையோடு ஓடினேன்.

“புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? இவ்வளவு ஆழமா வெட்டுறதுன்னா பிப்ரவரியில வெட்டு. அதுவும் ஒரு பக்கம் மட்டும்!”

“எனக்கே வேலி வெட்டச் சொல்லித் தர்றியா?”

“வெயிலப் பாருய்யா.”

“வெயிலா? நம்ம ஊர்லயா?” என்று ஏணி மேலிருந்து சிரித்தான்.

இலை குறைந்தாலும் வேலி நேராக நின்றதால் படம் நன்றாகவே வந்தது. ஆனால் அறுபது வருடம் வெயிலையே பார்க்காத பட்டை அந்த மாதமே வெந்து வெடித்தது. அடுத்த மே மாதம் பாதி வேலிதான் துளிர்த்தது. அதற்கடுத்த வருடம் கால்வாசி. இடைவெளிகளில் புதுக் கன்று நட்டான். முதல் வருடத்துக் கன்றுகள் காய்ந்தன. இரண்டாம் வருடத்துக் கன்றுகளின் வேரை எலி தின்றது. மூன்றாம் வருடம் நட்டவை ஏன் செத்தன என்று யாருக்கும் தெரியவில்லை. நான்காம் வருடம் ஆகஸ்டில் மிச்சமிருந்த இலையும் கிளையிலேயே காய்ந்தது. அதற்குள் தபால் வேலையும் முடிந்திருந்தது. ஊரில் யார் வேலியைப் பற்றியும் அவன் வாயைத் திறப்பதில்லை. அந்தக் குத்தலுக்கு நான் ஏங்குவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

வேலி செத்து இலை குறைந்ததும் காற்று நேராகச் சமையலறைக்குள் புகுந்தது. ஒடிலியாவுக்கு முன்பே நுரையீரல் சரியில்லை. இந்தக் குளிரில் இன்னொரு வருடம் இருக்கக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கொலோன் நகரத்தில் இருக்கும் மகள் உர்சுலா, பெற்றவர்களுக்குத் தன் தெருவிலேயே ஒரு சின்ன வீடு பார்த்து வைத்தாள். இந்த வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும்.

“பிப்ரவரியிலயே வித்துடணும்ப்பா. மே மாசம் வந்தா வேலி செத்தது வாங்க வர்றவங்களுக்குத் தெரிஞ்சுடும்” என்றாள் அவள்.

அவள் சொன்னதிலும் விஷயம் இருந்தது. பீச் மரம் காய்ந்த இலையை உதிர்க்காமல் குளிர்காலம் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிப்ரவரியில் ஊர் முழுக்க வேலி பழுப்புத்தான். அவனுடையது அங்கங்கே மொட்டையாக இருந்தாலும், புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு என் வேலிக்கும் அவன் வேலிக்கும் அப்போது வித்தியாசம் தெரியாது.

லாம்பர்ட் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தான்.

“ஊர்ல ஒருத்தர விட்டுவைக்காம வேலியப் பத்திப் பேசினவன் நான். இதச் சொல்லாம எப்படி விக்கிறது, மேனா?”

“வாய மூடிக்கிட்டு வித்துடு. அவளுக்கு மூச்சு முட்டுது. உன் ரோஷம் பெரிசா, அவ உசுரு பெரிசா?”

நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவன் எழுந்து போனான்.

வீடு பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள் ஒடிலியா. காபி, பிளம்ஸ் கேக் எல்லாம் வைத்தாயிற்று. வந்தவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது.

“வேலி எவ்வளவு ஒசரம்!” என்றான் கணவன், ஜன்னல் வழியே பார்த்து.

“கோடையில பச்சப் பசேல்னு இருக்கும்” என்றாள் உர்சுலா.

லாம்பர்ட் எழுந்தான். உர்சுலா அவன் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு, கோட்டுகூடப் போடாமல் வெளியே போனான். தம்பதியும் ஒன்றும் புரியாமல் பின்னால் போனார்கள். நானும் ஓடினேன். அவன் ஒரு தண்டின் பட்டையை நகத்தால் சுரண்டினான்.

“பாருங்க. உசுரு இருந்தா உள்ள பச்சையா இருக்கும். இது செத்துப்போச்சு. முழு வேலியும். நான்தான் கொன்னேன்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். திறந்த கதவுக்கு உள்ளே ஒடிலியா இருமுவது கேட்டது.

வீடு பார்க்க வந்த பெண் அவன் தோளைத் தொட்டாள். “ஐயோ, இதுக்கா இவ்வளவு வருத்தப்படுறீங்க? இத எப்படியும் எடுக்கத்தான் போறோம். வெளிச்சத்த மறைக்குது.”

“ரெண்டு கார் நிறுத்தலாம் இந்த எடத்துல” என்றான் கணவன்.

“காத்து?” என்றான் லாம்பர்ட்.

“ஜன்னலுக்கு மூணு அடுக்குக் கண்ணாடி போட்டுடுவோம்.”

அவர்கள் உள்ளே போய்க் கேக் சாப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் பேச்சு முடிந்தது. உர்சுலா சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் அவன் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அவன் தண்டு தண்டாகப் பட்டையைச் சுரண்டிக்கொண்டு இருந்தான்.

“உள்ள வாய்யா. வித்தாச்சு. அவளுக்கு நல்ல காலம்.”

“எப்படிச் செத்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே மேனா” என்றான்.

கோட்டை அவன் தோளில் போட்டேன். அவன் அடுத்த தண்டில் நகத்தை வைத்தான்.