மொட்டை மாடிக் கழிப்பறையும் ஒரு டம்ளர் காபியும்

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற மறு மாதமே பூமியைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். பூமி அவரைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. மந்தைவெளியில் எங்களுடையது பழைய தனி வீடு. இரண்டு பக்கமும் ஃப்ளாட்டுகள். குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் குழாய் போட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோனார். ஜல்லியும் மணலும் கொட்டிய தொட்டியில் விட்டு, கல்வாழை வைத்து வடிகட்டி, வாழைக்குப் பாய்ச்சினார். வாழை தளதளவென்று வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இதை எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

அடுத்ததாக மொட்டை மாடியில் உரக் கழிப்பறை கட்டினார். ஃப்ளஷ் கிடையாது. கழுவுகிற தண்ணீருக்குத் தனி வழி. மற்றது விழுவதற்குக் கீழே இரண்டு தொட்டிகள். போய் வந்தபின் டின்னிலிருந்து தேங்காய் நார்த்தூளை இரண்டு கை அள்ளிப் போட வேண்டும். ஒரு தொட்டி நிரம்பியதும் மூடிவைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும்; மூடியது மாதக்கணக்கில் மட்கி உரமாகிவிடும். பார்க்கில் தன்னோடு நடக்க வருகிறவர்களுக்கெல்லாம் இதை விளக்கினார். சில பேர் நடக்கிற நேரத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

முதல் நாள் நானும் ஏறிப் போனேன். குழியை எட்டிப் பார்த்தேன். வந்த அவசரம்கூடப் போய்விட்டது. அதன்பின் அவர் பார்க்குக்குக் கிளம்பும்வரை அடக்கிக்கொண்டு, கீழே உள்ளதிலேயே போவேன். ஒருவேளை பாதியில் திரும்பி வந்துவிட்டால் ஃப்ளஷ் சத்தம் காட்டிக்கொடுக்குமே என்று வாளியில் மொண்டு மெதுவாக ஊற்றுவேன். என் சொந்த வீட்டில், இந்த வயதில், திருட்டுத்தனம்.

ஆனால் நார்த்தூள் டின் மட்டும் வாராவாரம் குறைந்துகொண்டே வந்தது. மனுஷன் சொன்னதைச் செய்கிறாரே என்று எனக்கு அவர்மேல் புதிதாக மரியாதை வந்தது. சொந்தக்காரர்களிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ஒருநாள் அவர், இப்படி ஒத்துழைக்கிற மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நெகிழ்ந்தார். கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இதற்கிடையில் எனக்கு வேறொரு எரிச்சல். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கிறவள் ஒன்பது வருஷமாக வருகிறாள். முன்பு கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் வீடு. அதை இடித்து ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறாள். அதன்பின் எப்போது காபி கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். எவ்வளவு ரோஷக்காரி பாருங்கள் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் திடீரென்று காபி கேட்டு வாங்கிக் குடிக்க ஆரம்பித்தாள். அப்புறம் ஒரு சொம்பு தண்ணீர். சமயத்தில் இரண்டாவது காபி. இந்த வயதில் என்ன புதுப் பழக்கம் என்று முணுமுணுத்தேன்.

மூடிவைத்த முதல் தொட்டியைத் திறக்கும் நாள் வந்தது. மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவிலிருந்து பத்து மணிக்கு ஆட்கள் வருவதாக ஏற்பாடு. இவர் புதுக் கையுறை, புது மண்வெட்டியுடன் நின்றார். அவளும் அங்கேதான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இதில் பெரும்பங்கு உன்னுடையதுதான், வந்தவர்கள் முன்னால் நீயும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார் என்னிடம். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நான் ஒரு நாள்கூட இதில் உட்கார்ந்ததில்லை என்று போட்டு உடைத்தேன். அவர் முகம் சுருங்கியது. "நானும்தான்" என்றார். பார்க்கில் ஒரு கழிப்பறை இருக்கிறதாம்.

அப்படியானால் தொட்டியை நிரப்பியது யார்?

"நான்தாம்மா," என்றாள் அவள். கையில் என் வீட்டுக்காரரின் ஈர வேட்டி. "மூணு வூட்டு வேலை. எங்கியும் போவ இடமில்ல. வூட்டாண்ட போறதுக்குள்ள உசுரு போயிரும். அதான் தண்ணியே குடிக்க மாட்டேன். மேல யாரும் போவாம சும்மாதான கீதுன்னு…"

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கீழே போகச் சொல்லியிருப்பேனே என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன்.

"கேட்டேனேம்மா," என்றாள், சாதாரணமாக. "வூட்ட இடிச்ச புதுசுல. பக்கத்து ஃப்ளாட்டு வாட்ச்மேன் ரூம்ல கீது, அங்க கேட்டுப் பாருன்னீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. இன்றுவரை வரவில்லை. அவள் பொய் சொல்கிறவளும் இல்லை. கீழே உள்ளதைத் தினம் பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் அவள்தான். வெட்கமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் கையுறையைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தார். பொண்டாட்டியுடையது என்று நினைத்தவரை உரம். இப்போது அவருக்கு அது வேறு ஏதோ ஆகிவிட்டது. செல்லை எடுத்து, மழை வரும்போல் இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று குழுவில் போட்டார். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. நாம்தான் போவதில்லையே, பேசாமல் இடித்துவிடலாம் என்றார்.

"இடிச்சிருவீங்களா சார்?" என்றாள். வேட்டியை அவள் இன்னும் உதறவில்லை.

நான் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். இதை அள்ளுகிற ஆளுக்குச் சொல்லி அனுப்பலாமே என்று இழுத்தார். எந்த ஆளுக்கு, எந்தத் தெருவுக்குச் சொல்லி அனுப்புவதாக உத்தேசம் என்று கேட்டேன். மூடியைத் தள்ளிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்வெட்டியைப் போட்டேன். எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிப்பது? விட்டேன். ஒரு நாற்றமும் இல்லை. கறுப்பாக, பொலபொலவென்று, வெறும் மண். ஆறு கூடை இறக்கி வாழைக்குப் போட்டேன். கடைசிக் கூடைக்கு அவர் வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

மறுநாள் காலை அவர் பார்க்குக்குப் போனதும், பழைய வழக்கப்படி கீழே போகாமல் மாடி ஏறினேன். கழிப்பறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"உள்ள கீறேம்மா. கொஞ்சம் இருங்க."

என் வீட்டில் யாரும் என்னை அப்படி நிறுத்தி வைத்ததில்லை. அடக்கிக்கொண்டு வெயிலில் நின்றேன்.