காசிமேட்டிலிருந்து ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் செய்தி

ஜூலையில் ஒரு ஞாயிறு காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன், மீன் வாங்க அல்ல. முந்தைய நாள் வண்ணாரப்பேட்டையில் துணி எடுத்துவிட்டு ராயபுரம் ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் வந்தபோது, மகளின் சான்றிதழ்க் கோப்பை வண்டியிலேயே விட்டுவிட்டேன். திங்கட்கிழமை கல்லூரிச் சேர்க்கை. அசல் மதிப்பெண் பட்டியல் இல்லாவிட்டால் இடம் கிடையாது.

சனி மாலை, தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி. ஷேர் ஆட்டோவில் கிடந்த ஃபைல் தன்னிடம் இருக்கிறது, காசிமேட்டுக்கு வா என்றது. தமிழ்தான், ஆனால் முழுக்க ஆங்கில எழுத்தில். லாட்டரிப் பரிசு, வங்கிக் கணக்கு முடக்கம் எல்லாம் எனக்கு இந்த எழுத்தில்தான் வரும், படிக்காமலே அழித்துவிடுவேன். கோப்பின் உள்ளே என் எண் எழுதியிருந்தது உண்மை. இருந்தாலும், முதல் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று தமிழில் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அழைத்தால் ஏதோ இயந்திர இரைச்சல். பிறகு இணைப்பு போய்விட்டது. காலையில் மறுபடி அதே எழுத்தில்: ஒன்பது மணி, ஐஸ் பேக்டரி. மோசடிதான் என்று முடிவு செய்தேன். வேறு வழியில்லாததால் கிளம்பினேன்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் பத்து ரூபாய், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் ராயபுரம் ஐந்து ரூபாய். துறைமுகம் இரண்டு கிலோமீட்டர். எண்பது கேட்ட ஆட்டோக்காரர் அறுபதுக்கு ஒப்புக்கொண்டார். செய்தியை அவரிடம் காட்டினேன்.

"கரெக்டா எடம் போட்டுகீறான். இன்னாக்கா டவுட்டு?"

"தமிழ் ஆளா இருந்தா தமிழ்லயே எழுதலாமே?"

"ஏன், மார்க்கு போடப் போறியா?"

வண்டி எண்ணைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டு, அவரையும் காத்திருக்கச் சொன்னேன்.

ஐஸ் பேக்டரி ஓரம் முப்பது வயதுக்காரர் ஒருவர் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பெயர் அப்பாராவ், விசைப்படகுத் தொழிலாளி. பாலிதீன் பையில் சுற்றிய கோப்பு அவர் மடியில். கை நீட்டினேன், தரவில்லை.

"மொதல்ல ஆதார் காட்டுக்கா."

ஆதாரில் இருந்த ஆங்கிலப் பெயரையும் கோப்பிலிருந்த என் பெயரையும் விரல் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"நான் கேட்டதுக்கு ஏன் பதில் போடல?"

"நமக்கு ஸ்ரீகாகுளம்க்கா. தமிழ் பேசுவேன், எழுத்து வராது. போட்ல தெலுங்கு, ஒடியா, தமிழு அல்லாரும் கீறோம். அதான் குரூப்புல இங்கிலீசு எழுத்து. நீ போட்டத போட்டு ஓனராண்ட காட்டினேன். பேரு தெரியாதவதான் பேரக் கேப்பா, பார்ட்டி டுபாக்கூருடான்னாரு."

ஆட்டோக்காரர் சத்தமாகச் சிரித்தார். நான் கோப்பை வாங்கித் திறந்தேன். முதல் தாளில் மகளின் பெயர் இருந்தது. ஒரு தாளும் குறையவில்லை.

காசிமேடு போகிறவர்கள் மீன் வேண்டுமென்றால் ஆறு மணிக்குள் போங்கள். தரை முழுக்க ஈரம், வழுக்காத செருப்பு அவசியம். ஆதார் இருக்கட்டும். தெரியாத எண்ணைச் சந்தேகிப்பதை நான் விடவில்லை, உங்களையும் விடச் சொல்லமாட்டேன். ஆனால் கேள்வி கேட்பதானால், செய்தி வந்த எழுத்திலேயே கேளுங்கள்.

திங்கட்கிழமை கல்லூரி வாசலில் நின்று, இடம் கிடைத்துவிட்டது என்று அப்பாராவுக்கு முதல்முறையாக ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தேன். இரண்டே வரி, பத்து நிமிடம் ஆனது. உடனே பதில் வந்தது:

"ஓனராண்ட காட்டலக்கா. நானே படிச்சிட்டேன்."