லோடு நாற்பத்தொன்றில் நான் எழுதாமல் விட்டது

1. தூக்குவாளியில் வந்த மூன்று தோட்டா

எழுபத்தெட்டு புரட்டாசியில் ஒரு மத்தியானம். முன்பின் தெரியாத ஒரு பெண் கடைக்குள் வந்து தூக்குவாளியை மேசைமேல் வைத்தாள். யாருக்கோ சோறு கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன். அவள் மேல்துணியை விலக்கினாள். உள்ளே மூன்று தோட்டாக்கள். மூன்றின் அடியில் பதித்த கேப்பிலும் துப்பாக்கி ஊசி குத்திய தடம் இருந்தது. மூன்றும் வெடிக்கவில்லை.

"இதையா பஸ்ஸுல கொண்டாந்த? உனக்கு அறிவிருக்கா?" என்று கத்திவிட்டேன். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அறிவிருக்கப் போயித்தான் வந்திருக்கேன், அண்ணாச்சி. வாசுதேவநல்லூர் வேல்சாமி வீட்டுக்காரி. பேரு பேச்சியம்மா" என்றாள்.

சங்கரன்கோவிலில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை அது; நான் அங்கே தோட்டா அடைக்கிறவன். பயிரைக் காப்பாற்ற லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள், சுட்ட பித்தளைக் கூட்டைக் கொண்டுவந்து தருவார்கள். ஊசி குத்தினால் தீப்பொறி தருகிற புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்தும் ஈய ரவையும் அடைத்துத் திருப்பித் தருவேன். வேல்சாமி ஆறு தோட்டா வாங்கியிருந்தான். மலையடிவாரத்தில் அவனுக்கு மரவள்ளித் தோட்டம். அங்கே பன்றித் தொல்லை.

"அவுக பன்னி ரெண்டு விழுந்துட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாக. ஒண்ணும் விழல. 'டிக்'குன்னு ஒரு சத்தம், அம்புட்டுத்தான். இந்த மூணையும் வைக்கோல் படப்புக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தாக. நேத்துச் சாயங்காலம் கிணத்து மேட்டுல நின்னு பாத்தேன். டிக்குன்னுச்சு. அவுக துப்பாக்கியத் தெறக்கப் போனாக. அதுக்குள்ள டமார்னு வெடிச்சிட்டு."

கேப் நமுத்திருந்தால் சில சமயம் தீ தாமதமாகப் பிடிக்கும். ஊசி குத்தியும் வெடிக்கவில்லை என்றால், குழாயைத் தரைப்பக்கம் காட்டியபடி நெடுநேரம் காத்திருக்க வேண்டும். உடனே திறந்தால் வெடிப்பது முகத்தில்தான். கண் போய்விடும், உயிரும் போகலாம்.

"மிச்சம் ரெண்டு?"

"அவுக இடுப்புலதான் இருக்கு. இன்னைக்கும் காவலுக்குப் போவாக. எப்படியாச்சும் வாங்கிருங்க அண்ணாச்சி. ஆனா நான் வந்தது தெரியப்படாது. கூனிக் குறுகிப் போயிருவாக."

2. என் நோட்டு

சர்க்கார் ரிஜிஸ்டரில் பெயர், லைசென்ஸ் நம்பர், எண்ணிக்கை மூன்றும் இருந்தால் போதும். நான் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஒரே நாளில் அடைத்ததெல்லாம் ஒரு லோடு, அதற்கொரு நம்பர். யாருக்குப் போனது, என்ன பலன் என்பதற்குக் கட்டங்கள். அடுத்த முறை வருகிறவரிடம் "போன தடவை என்னாச்சு, விழுந்துதா?" என்று கேட்டு எழுதுவேன். "என்னவே, பன்னிக்கு ஜாதகமா எழுதுதீரு?" என்று முதலாளி கேலி செய்வார். எனக்கு அதில் பெருமைதான்.

பேச்சியம்மாளைக் கிடைத்த பஸ்ஸில் அனுப்பிவிட்டு நோட்டைப் பிரித்தேன். லோடு 41. ஆறு பேருக்குப் போயிருந்தது. திரும்பி வந்த நான்கு பேர் கட்டத்திலும் "விழுந்தது" என்றே இருந்தது. என் கையெழுத்து, அழகாகத்தான் இருந்தது.

அந்த லோடு ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள் அடைத்தது. ஊரே கூட்டம். மச்சான் குடும்பம் வந்திருந்தது. அந்த அவசரத்தில் கேப் டப்பாவை மூடாமல் ஜன்னலில் வைத்துவிட்டு அவர்களோடு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் சாரல் அடித்துவிட்டது. துணியால் ஒற்றி, வெயிலில் வைத்து, காய்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடைத்தேன். இது எனக்கு மட்டும் தெரியும். நோட்டில் அதை எழுதவில்லை. எழுதுவதற்குக் கட்டமும் போட்டிருக்கவில்லை.

முதலாளியிடம் அன்றுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதல்ல போயி அந்த ரெண்டையும் வாங்கிட்டு வாரும்வே" என்றார்.

3. மரவள்ளித் தோட்டம்

பேச்சியம்மாளோடு ஒன்றாகப் போய் இறங்கினால் விஷயம் வெளியாகிவிடும் என்று அடுத்த பஸ்ஸில் போனேன். புளியங்குடியில் அந்த பஸ் அரைமணி நேரம் நின்றது. டிரைவரோடு சண்டை போட்டேன். அவர் நிதானமாக டீயைக் குடித்து முடித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வேல்சாமியின் வீடு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. வெயில் இறங்கியிருந்தது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான்.

"வேல்சாமி, அந்தத் தோட்டா சரியில்ல. மிச்சம் இருக்கிறதக் குடுத்துரு."

"நல்லா வெடிச்சுதே அண்ணாச்சி. ரெண்டு பன்னி விழுந்துதுல்லா."

"ஒண்ணு கூடவா டிக்குங்கல?"

"ஏன், எனக்குச் சுடத் தெரியாதுங்கீகளா?" முகம் சிவந்துவிட்டது. துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

இன்னொரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் அவன் கிளம்பிப் போயிருப்பான். கோபத்தை முழுங்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தேன். நோட்டை மடியில் வைத்து, பேனாவை எடுத்து, எழுத எழுத உரக்கப் படித்தேன். "லோடு நாற்பத்தொன்று. கேப் சாரலில் நனைந்தது. தெரிந்தே அடைத்தேன். தப்பு என்னுடையது." கீழே கையெழுத்துப் போட்டேன்.

வேல்சாமி துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்ப என் கை ராசி காரணம் இல்லையா அண்ணாச்சி?"

"உன் கைக்கு என்னடே? என் கைதான் காரணம்."

இடுப்பிலிருந்து இரண்டு தோட்டாக்களையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "என் கட்டத்துல உள்ளதையே எழுதுங்க. மூணு வெடிக்கல. ஒண்ணு தெறக்கப் போகையில வெடிச்சுது. பயந்துட்டேன். அதையும் எழுதுங்க" என்றான். எழுதினேன். மாற்றுத் தோட்டா கொண்டுபோயிருந்தேன். கொடுத்துவிட்டு, டிக்கென்று மட்டும் கேட்டால் திறக்காமல் காத்திருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன்.

மறுநாளிலிருந்து மற்ற ஐந்து பேர் வீட்டுக்கும் போனேன். என் தப்பை முதலில் படித்துக் காட்டினேன். "விழுந்தது" என்று சொன்ன நான்கு பேரும் வெடிக்காத தோட்டாவைப் பானையிலிருந்தும் பெட்டியிலிருந்தும் எடுத்துத் தந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கான நன்றிக் கடன் எந்தச் சாமிக்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நோட்டில் முதல் கட்டத்தை அடைக்கிறவனின் தவறுக்கென்று ஒதுக்கினேன். "விழுந்துதா?" என்று கேட்பதை நிறுத்தி, "துப்பாக்கி என்ன செஞ்சுது?" என்று கேட்டேன். பதிவேடு எழுதும் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உங்கள் தப்பை முதலில் எழுதுங்கள். ஒரு மனிதன் பொய் சொன்னால், யாருக்காகச் சொன்னான் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டாவதை நான் கற்றுக்கொண்டது அன்று சாயங்காலம் அந்த வரப்பில்தான். எழுந்திருக்கும்போது வேல்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"வெடிக்கலைங்கிறத என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிராதீக அண்ணாச்சி. நான் இங்கன காவலுக்கு நிக்கிறதே அவளுக்குப் பயம். பன்னி விழுந்துட்டுன்னு சொன்ன பொறவுதான் ஒழுங்காச் சோறு திங்கிறா."

சொல்லமாட்டேன் என்றேன். பேச்சியம்மாள் அப்போது எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். தம்ளரை நீட்டியபடி, என்னை முதல்தடவை பார்ப்பவள் போல, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.